பத்மாவுக்கு ஒரு புள்ளி

ஆகஸ்ட் 11

மிஷின் வந்துவிட்டது. கோவையில் ஒருவர் ஆசையாக வாங்கி, மரத்தில் ஒரே ஒரு மீனை அறுத்துப் பார்த்துவிட்டுத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். விற்கும்போது அந்த மீனையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்கு வால் இல்லை.

பார்க்கத் தையல் மிஷினுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கிறது. ஊசி இருக்கவேண்டிய இடத்தில் நூல் கனத்தில் ஒரு ரம்பப் பிளேடு. மோட்டாரைப் போட்டால் அது மேலும் கீழும் ஓடும். நாம் பலகையைத் தள்ளித் திருப்ப வேண்டும். எப்பேர்ப்பட்ட வளைவையும் வெட்டுமாம். ஸ்க்ரால் சா என்று பெயர். நான் சுருள் ரம்பம் என்று வைத்துக்கொண்டேன்.

செய்யும் தப்பையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள், கை தானாகத் திருந்தும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். அதற்குத்தான் உரக்கடையில் இனாமாகக் கொடுத்த இந்த டைரி. இதில் மரத்தைப் பற்றி மட்டுமே எழுதப்படும். எழுதி வைக்கும்படியான சொந்த விஷயம் எனக்கு எதுவும் கிடையாது. பெயர் ஆறுச்சாமி. வயது நாற்பத்தாறு. பொள்ளாச்சியில் ஒரு டிரைவிங் ஸ்கூல், அதற்கு ஒரே ஒரு கார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றிரண்டு நன்றாகவே இருந்தன.

ஆகஸ்ட் 12

பிளேடு போச்சு. மாற்றினேன். அதுவும் போச்சு.

ஆகஸ்ட் 14

பிளேடை முடுக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. விரலால் சுண்டிப் பார்த்தால் ‘டிங்’ என்று சத்தம் வர வேண்டும். ‘தொப்’ என்று வந்தால் தொய்வு. தொய்வாக இருந்தால் வளைவில் பிளேடு வளைந்துகொண்டு, பலகையின் மேல்பக்கம் ஒரு கோடும் அடிப்பக்கம் வேறு கோடுமாக அறுக்கிறது. ரொம்ப முடுக்கினால் பட்டென்று தெறித்து நம் முகத்தைத் தேடி வருகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

ஜமால் பாய் மரமில்லில் துண்டுப் பலகை ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு வந்தேன். “என்ன மாஸ்டரே, ஸ்டீயரிங்கை மரத்துல செய்யப் போறீங்களா?” என்றார்.

ஆகஸ்ட் 17

வகுப்புக்கு ஒரு புது அம்மணி சேர்ந்திருக்கிறார். பத்மாவதி. வெங்கடேசா காலனியில் வீட்டிலிருந்தே கல்யாணங்களுக்கு இனிப்பு செய்து கொடுப்பவர். சொந்தமாகக் கடை போடப் போகிறாராம். ஆர்டரைத் தானே வண்டி ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கார் பழக வந்திருக்கிறார். கணவர் போய் ஒன்பது வருடம். இதெல்லாம் மரத்தைப் பற்றியது அல்ல, ஆனால் இன்று நடந்ததற்குத் தேவைப்படுகிறது.

கிளட்சை விடும்போது எல்லாரிடமும் நான் சொல்லும் வார்த்தைதான் அவரிடமும் சொன்னேன். “பதமா... பதமா...” வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, வந்த முத நாளே பேரு சொல்லிக் கூப்பிடறீங்க?”

“பேரு இல்லீங்க. கிளட்சைப் பதமா விடச் சொன்னேனுங்க.”

“அப்படிங்களா. எங்க வீட்ல கூப்பிடற பேரு பத்மாங்க. நீங்க என்னமோ ரொம்ப நாள் பழக்கம் மாதிரி கூப்பிட்டீங்களா, திக்குனு ஆயிருச்சு.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். மார்க்கெட் ரோடு முழுக்கச் சிரித்தார். இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. ‘மெல்ல’ என்று சொன்னால் போதும், கிளட்சுக்குப் புரியும்.

ஆகஸ்ட் 20

யானை அறுத்தேன். முதல் தடவையாக யானை யானை மாதிரியே வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தும்பிக்கை கையோடு வந்துவிட்டது.

துண்டை எடுத்துப்போய் ஜமால் பாயிடம் காட்டினேன். “நாரைப் பாருங்க மாஸ்டர். தும்பிக்கை தொங்குது, நார் குறுக்கால ஓடுது. பிஸ்கட் மாதிரி உடையாம என்ன செய்யும்?” என்றார்.

ஆகவே: மெல்லிசான பகுதி எதுவானாலும் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கே இருக்கக் கூடாது. இதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன். மறந்தால் நான் மனிதனே இல்லை.

ஆகஸ்ட் 26

அறுத்த ஓரமெல்லாம் கருகிக் கருகி வந்துகொண்டிருந்தது. பிளேடு சரியில்லை என்று இத்தனை நாள் பிளேடைத் திட்டினேன். இன்று புரிந்தது. நான்தான் பலகையைப் போட்டுத் தள்ளுகிறேன். ரம்பத்தை அது பாட்டுக்கு அறுக்க விடாமல் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் லாரிக்காரன் மாதிரி நெருக்குகிறேன். விரல் நுனியால் மட்டும் கொடுத்தால் ஓரம் வெண்ணெய் மாதிரி வருகிறது. தூள் வருவதைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். தூள் நின்றால் நாமும் நிற்க வேண்டும்.

பதினைந்து வருடமாக ஊராருக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கைக்கு யாரும் சொல்லவில்லை. இதற்குச் சரியான வார்த்தை ஒன்று இருக்கிறது. இங்கே எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 1

பிளேடு எப்போதும் வலது பக்கமாகவே இழுக்கிறது. பழைய கார் ஒரு பக்கம் இழுக்குமே, அதே கதை. ஸ்டீயரிங்கை லேசாக எதிர்ப்பக்கம் பிடித்து ஓட்டுவது போல, பலகையையே கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக் கொடுத்தால் கோடு நேராக வருகிறது.

இதை வண்டியில் சொன்னேன். வழக்கமாக மாணவர்களிடம் மிஷினைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் புது அம்மணிதான் என் விரலில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்துக் கேட்டார். உடுமலை ரோட்டில் போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வகுப்பு நேரம் முடிந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அடுத்த மாணவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

செப்டம்பர் 6

ஆர்டர் கிடைத்திருக்கிறது. என் வாழ்க்கையின் முதல் ஆர்டர்.

“மாஸ்டர், கடைக்குப் பேர்ப்பலகை ஒண்ணு வேணுங்க. பிளெக்ஸ் வேண்டாம். உங்க மிஷின்ல மரத்துல அறுத்துத் தர ஆகுமுங்களா?”

“ஆகுமுங்க. என்னன்னு போடறது?”

“பத்மான்னு மட்டும் போட்டாப் போதுங்க. என்ன விக்கறோம்னு வாசமே சொல்லிடும். விஜயதசமி அன்னிக்குத் திறக்கறேன்.”

சரி என்றேன். வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் கால் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஆர்டர் கிடைத்த சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 9

இங்கிலீஷ்காரர்களுக்கு இந்தத் தொழில் சுலபம். தமிழில் புள்ளி இருக்கிறது.

காகிதத்தில் எழுத்தை வரைந்து பார்த்தேன். அடியில் நீளமாக ஒரு பட்டை, அதன்மேல் எழுத்துகள் நிற்கும். ப, கவலை இல்லை. ம, கவலை இல்லை. அதன் கால் தனியாக நின்றாலும் அடியில் பட்டை பிடித்துக்கொள்ளும். ஆனால் த-வின் தலைக்கு மேலே ஒரு புள்ளி. அது எதன்மேல் நிற்கும்? பேப்பரில் புள்ளி அந்தரத்தில் நிற்கலாம். மரத்தில் அறுத்தால் கீழே விழும்.

த-வுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு கழுத்து விட வேண்டும். கழுத்து தடியாக இருந்தால் த தொப்பி போட்டுக்கொண்டது போல இருக்கிறது. தீக்குச்சி கனத்தில் விட்டால், தூரத்திலிருந்து பார்க்கும்போது புள்ளி தனியாக மிதப்பது மாதிரியே தெரியும். தீக்குச்சி கனம்தான். அழகு என்றால் அழகு.

புள்ளியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அட்டையில் வெட்டிப் பார்த்தேன். படித்துவிட்டு அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 13

மேட்டில் நிறுத்தி வண்டியை எடுக்கப் பழக்கினேன். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார்:

“எங்கண்ணன் ஒரு வரன் கொண்டுவந்திருக்காருங்க. ஓசூர்ல டைல்ஸ் கடையாம். ஆளு தங்கமானவராம். கடை திறக்கற அன்னிக்குப் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“அப்பறம் இந்தக் கடை?”

“அங்கயும் சக்கரை கிடைக்குமில்லீங்களா.”

“கிடைக்குமுங்க,” என்றேன். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு மாட்டு வண்டி நின்றதை நான்தான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மாடு பார்த்துக்கொண்டது.

செப்டம்பர் 14

டைல்ஸ் வழுக்கும். ஈரம் பட்டால் ரொம்பவே வழுக்கும்.

செப்டம்பர் 18

பலகை எடுக்க ஜமால் பாய் மில்லுக்கு அவரும் வந்தார். வண்டியை அவரே ஓட்டி வந்து, கேட்டுக்குள் நேராக நிறுத்தினார். ஜமால் பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

தேக்கில் அழகான துண்டு ஒன்று கிடைத்தது. இன்னொன்றும் இருந்தது, அதில் நார் மேலிருந்து கீழாக ஓடியது. அவர் முதல் துண்டைத்தான் கையில் எடுத்தார்.

“இதைப் பாருங்க மாஸ்டர், கோடெல்லாம் நீளவாக்குல, பாகைக் கம்பி இழுத்த மாதிரியே ஓடுது. இதுல என் பேரு இருந்தா நல்லாருக்குமில்ல?”

“நல்லாருக்குமுங்க.”

என்னமோ ஒன்றை மறந்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டு கேஸை அணைத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். அணைத்திருந்தேன்.

கிளம்பும்போது ஜமால் பாய் என்னைத் தனியாக இழுத்து, “போர்டு கடைக்கா, கல்யாண மண்டபத்துக்கா?” என்று கேட்டார். மரக்கடைக்காரருக்கு எதற்கு இந்தக் கேள்வி?

செப்டம்பர் 24

அறுக்க ஆரம்பித்தாயிற்று. பலகைமேல் முதலில் பேப்பர் டேப், அதற்குமேல் வரைந்த காகிதம். டேப் ஒட்டினால் ஓரம் கருகாது, காகிதத்தை உரிக்கவும் சுலபம். அடிப்பக்கமும் டேப் ஒட்டினேன். ரம்பம் கீழே வரும்போது சிலும்பு கிளம்பாமல் இருக்கும்.

த-வின் வயிற்றுக்குள் ஓட்டை அறுக்க, முதலில் டிரில் போட்டு, பிளேடைக் கழற்றி, ஓட்டை வழியாக விட்டு, மறுபடி மாட்டி முடுக்க வேண்டும். ஊசியில் நூல் கோப்பதைவிடப் பொறுமை வேண்டிய வேலை. முன்பெல்லாம் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. சுழியைச் சுற்றி வரும்போது பலகையைத் தள்ளாமல், பிளேடையே அச்சாக வைத்துத் திருப்பினேன். ரிவர்ஸில் வண்டியை ஒடித்துத் திருப்பும் அதே கணக்கு. சுழி முழு வட்டமாக வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நன்றாக அறுக்கப் பழகிவிட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது. காலை வகுப்பு வரை அடக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 28

சரி, எழுதிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதற்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 3

மெருகு போடுவது தனி வித்தை. அறுப்பது பாதிதான்.

தட்டையான இடத்துக்கு உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்த்தேன். சுழிக்குள் போக ஐஸ் குச்சியில் ஒட்டிக்கொண்டேன். சந்துபொந்துக்கெல்லாம் நகம் ராவும் அரம். சொரசொரப்புத் தாளில் ஆரம்பித்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று நைஸாக முடிக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் பாலிஷ் போட்ட பிறகு கீறல் பல்லைக் காட்டும்.

முதலில் வார்னிஷை ஒரே தடவையில் கெட்டியாக அப்பிவிட்டேன். மூலையெல்லாம் தேங்கிப் பொருக்குத் தட்டிவிட்டது. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். போனில் வாய்ஸ் வந்தது.

“மாஸ்டர், ஜாங்கிரி மேல சக்கரை பூத்தமாதிரி இருக்குதுங்க. நாங்க பாகுல போட்டதும் எடுத்து வடிய விட்ருவோம். மேல ஒட்டறது கொஞ்சமாத்தான் இருக்கோணும்.”

சுரண்டி எடுத்து மறுபடி தேய்த்தேன். இந்தத் தடவை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தேன். காய்ந்ததும் இன்னொரு தடவை. தேக்கின் கோடுகள் எழுந்து வந்தன. பாகை இழுத்த மாதிரிதான் இருக்கிறது. அவர் சொன்னது சரி.

அந்த வாய்ஸை இன்னும் சில தடவை கேட்டேன். பாலிஷ் பற்றிய விவரம் அதில் இருப்பதால்.

அக்டோபர் 7

டெஸ்டில் பாஸ். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். என் மாணவர்கள் பாஸானால் எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும். இன்று இல்லை.

“இனி கிளாஸ் இல்லீங்களே மாஸ்டர்,” என்றார் அவர்.

“இல்லீங்க. முடிஞ்சுதுங்க.”

“பலகைக்காவது ஒரு தடவை வருவீங்கல்ல?”

அக்டோபர் 10

முடிந்தது. சுவரில் சாய்த்து வைத்து வாசலிலிருந்து பார்த்தேன். பத்மா. புள்ளி மிதக்கிறது. கழுத்து இருப்பதே தெரியவில்லை. என் கையால் இப்படி ஒன்று வரும் என்று ஆகஸ்ட் மாதம் யாராவது சொல்லியிருந்தால் வாலில்லாத மீனைக் காட்டியிருப்பேன்.

நாளை மறுநாள் அவர் காரில் வந்து என்னையும் பலகையையும் கூட்டிப்போகிறார். சொந்த வண்டி இன்னும் வரவில்லை, ஸ்கூல் காரைத்தான் இன்று எடுத்துப் போயிருக்கிறார். லைசன்ஸ் வந்தபின் தனியாக ஓட்டும் முதல் பயணம், கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டேன். வழியில் சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது என்பதை நாளைக்கு யோசிக்கலாம், நாளை லீவுதான்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. காலையில் அவர் காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு டப்பா லட்டையும் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போனார். நாளைக்கு வந்து காரை எடுத்துக்கொள்வார். காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டேன். சுருள் ரம்பத்துக்கும் இது முதல் பூஜை. டிரில், அரம், உப்புத்தாள் கட்டை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கினேன். ஆர்வக்கோளாறில் பசைப் புட்டிக்கும் ஒரு பொட்டு.

கற்பூரம் காட்டிவிட்டுப் பலகையை எடுத்து மிஷின் முன்னால் வைக்கும்போதுதான் பார்த்தேன். புள்ளியின் கழுத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. விரிசல்.

டைரியைத் திருப்பினேன். ஆகஸ்ட் 20. மெல்லிசான பகுதி நார் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். அடிக்கோடு. நார் நீளவாக்கில் ஓடுகிறது, என் தீக்குச்சிக் கழுத்து குறுக்கே நிற்கிறது. மில்லில் அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தபோது நான் மறந்தது கேஸ் அல்ல, இதுதான்.

பின்பக்கம் ஒரு மெல்லிய மரச் சிம்பு வைத்துப் பசை போட்டால் பிடித்துக்கொள்ளும். ஆனால் பூஜையில் வைத்த கருவியை இன்று எடுக்கக் கூடாது. பசையையும் நானே பூஜையில் சேர்த்துவிட்டேன். நாளைக் காலையில் எடுத்து ஒட்டினால் காய நேரம் இருக்காது. மடியில் வைத்துக் குழந்தை மாதிரிக் கொண்டுபோக வேண்டியதுதான். வண்டி குலுங்காமல் போனால் போதும். ஓட்டப் போகிறவர் என் மாணவி. நம்பலாம்.

அக்டோபர் 12

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே வந்துவிட்டார். மாம்பழ நிறச் சேலை. அவர் டிரைவர் சீட்டில், நான் பக்கத்தில், பலகை என் மடியில் துண்டு சுற்றி. எங்கள் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவசரத்துக்கு மிதிக்க. அவர் ஓட்டியதைப் பார்த்தால் அதற்கு வேலையே இருக்காது என்று தோன்றியது. கியர் மாறுவதே தெரியவில்லை. ஒரு குழியைக்கூட விடாமல் விலக்கிப் போனார். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ரயில்வே பாலம் தாண்டியதும் ஆரம்பிக்கலாம், இல்லை, பஸ் ஸ்டாண்டு தாண்டியதும்.

பஸ் ஸ்டாண்டு தாண்டியது.

“மாஸ்டர், சாயங்காலம் விளக்கேத்தற நேரத்துக்கு அண்ணன் போன் பண்ணுவாருங்க. ஓசூர்க்காரருக்கு என்ன பதில் சொல்லட்டும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

அவ்வளவு பலமாக நான் யாருக்காகவும் மிதித்ததில்லை. கார் நடுரோட்டில் குத்திட்டு நின்றது. பலகை மடியிலிருந்து பாய்ந்து டேஷ்போர்டில் முட்டியது. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் எங்கள் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

அவர் ரோட்டைப் பார்த்தார். நாய் இல்லை, ஆடு இல்லை, ஆள் இல்லை. பிறகு என் காலைப் பார்த்தார்.

“எதுக்குங்க மிதிச்சீங்க?”

துண்டைப் பிரித்தேன். கழுத்து சுத்தமாக ஒடிந்திருந்தது. புள்ளியைக் காணோம். சீட்டுக்கடியில் தேடினேன், கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு மாத வேலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இடமில்லை, கார் சின்னது.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, முறைப்படி. பலகையை வாங்கித் தன் ஸ்டீயரிங்மேல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ப. த. மா.” பிறகு சேர்த்துப் படித்தார். “பதமா.”

“மன்னிச்சுக்குங்க. ஒட்டித் தந்தர்றேன். இன்னிக்கு மட்டும் பிளெக்ஸ் ஏதாவது...”

“முத நாள் இந்த சீட்ல வெச்சு என்னை இப்படித்தான கூப்பிட்டீங்க.”

“அது கிளட்சைச் சொன்னதுங்க.”

“அப்பறம் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொல்லலையே. மெல்ல மெல்லன்னே சொன்னீங்க. நானும் பாத்துட்டேதான் இருந்தேன்.”

அடுக்கி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் அந்த நேரத்துக்கு வரவில்லை. வந்தது இதுதான்:

“பத்மா, ஓசூர் வேண்டாங்க.”

அவர் என் பக்கம் திரும்பாமல், பலகையில் புள்ளி இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

“இப்பக் கூப்பிட்டது புள்ளி வெச்சா, வெக்காமயா?”

“வெச்சுத்தாங்க.”

அவர் சாவியைத் திருப்பினார். கிளட்சை விட்டார். வண்டி கிளம்பியதே எனக்குத் தெரியவில்லை.

புள்ளி இல்லாமலே பலகையை மாட்டிவிட்டார். நான் தடுத்தும் கேட்கவில்லை. முதலில் வந்தவர் ஒரு பெரியவர், அண்ணாந்து பார்த்து, “பதமா. பலகாரக் கடைக்குப் பொருத்தமான பேருங்க,” என்று சொல்லி மைசூர்பாகு வாங்கிப் போனார். அதற்குப் பிறகு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கு மட்டும் அந்த ஒடிந்த இடம் உறுத்திக்கொண்டே இருந்தது.

விளக்கேற்றி முடிக்கவும் போன் வந்தது. கையிலிருந்த எண்ணெயைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பேசினார்.

“இல்லீங்ணா, ஓசூரு ஆகாது. இல்லீங்ணா, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க ஒருத்தரு குறுக்க பிரேக்கைப் போட்டுட்டாரு.”

நான் லட்டுத் தட்டை நேராக அடுக்குவதில் மும்முரமாக இருந்தேன். அது முன்பே நேராகத்தான் இருந்தது.

அக்டோபர் 13

புள்ளி கிடைத்துவிட்டது. என் செருப்புக்குள் இருந்திருக்கிறது. நேற்று முழுவதும் குதிகாலில் என்னமோ குத்துகிறது என்று நினைத்தேன், குனிந்து பார்க்கத்தான் தோன்றவில்லை.

பசைப் புட்டியையும் புள்ளியையும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். பத்மா பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டை விரலில் தொட்டு, பிரித்து, கம்பி வருகிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

“கிடைச்சிருச்சு. அஞ்சு நிமிஷம், ஒட்டிடறேன்.”

“வேண்டாங்க. கடைக்குப் பதமாவே இருக்கட்டும், ஊரே படிச்சுப் பழகிருச்சு. அந்தப் புள்ளியைப் பத்திரமா வெச்சு, வீட்டுக்கு ஒண்ணு அறுத்துக் குடுங்க. அதுல என் பேரு சரியா இருக்கோணும்.”

“எந்த வீட்டுக்குங்க?”

அடுப்பைக் குறைத்துக்கொண்டே சொன்னாள்:

“மிஷின் எந்த வீட்ல இருக்குதோ, அந்த வீட்டுக்குத்தான்.”

திரும்பி வரும் வழியில் ஜமால் பாய் மில்லில் நின்றேன். அந்த இன்னொரு தேக்குத் துண்டு இன்னும் அங்கேயே இருந்தது. நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது.